வாங்கிய கையும் கொடுக்கும் கைதான்



சென்ற மாதம் எனக்கு வந்த கடிதங்களுள் ஒன்றை இரண்டு முறை படித்தேன். எழுதியவர் ஒரு தாய். பெயரும் ஊரும் வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டிருப்பதால் மறைத்தே எழுதுகிறேன். செம்பனை மட்டை விழுந்து அவர் கணவருக்குத் தோளில் பலத்த அடி. மாதக்கணக்கில் வேலைக்குப் போக முடியவில்லை. சொக்சோ பணம் கைக்கு வந்து சேரும்வரை லயத்துக்காரர்கள்தாம் அந்தக் குடும்பத்தைத் தாங்கியிருக்கிறார்கள். ஒரு வீட்டிலிருந்து அரிசி வந்தது, இன்னொரு வீட்டிலிருந்து கருவாடும் பருப்பும் வந்தன. பக்கத்து வீட்டு அக்காள் மூன்று மாதம் பிள்ளையின் பள்ளி வேன் கட்டணத்தைக் கட்டினார்.

கடிதத்தின் கடைசிப் பகுதியை அவர் சொன்னபடியே தருகிறேன்: "டீச்சர், இப்போது அந்த அக்காளைக் கண்டால் என் தலை தானாகக் குனிகிறது. இந்தக் கடனை நான் எப்படி அடைப்பேன்? இனி யாரிடமும் எதுவும் வாங்குவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். பள்ளியில் மகளுக்குக் கொடுக்கும் உதவியையும் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிடலாமா?"

இந்தக் கேள்வியில் ஒரு பிள்ளையின் காலைச் சாப்பாடும் ஒரு தாயின் மானமும் அடங்கியிருக்கின்றன. ஆகவே இந்த மாதப் பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்குகிறேன்.

நம் வீடுகளில் மூன்று விதமான கணக்குகள் உண்டு. முதலாவது கடைக்கணக்கு. மளிகைக் கடைக்காரர் கையில் இருக்குமே, மேலட்டையில் 555 என்று போட்ட சின்னப் புத்தகம், அதுதான் அது. அரிசி, சீனி, மண்ணெண்ணெய் என்று வாங்கியது எல்லாம் அதில் ஏறும். சம்பள நாளில் கழியும். அது கடன். கொடுத்தே தீர வேண்டும். இரண்டாவது மொய்க்கணக்கு. நம் வீட்டுக் கல்யாணத்தில் அவர் எழுதியதை அவர் வீட்டுக் கல்யாணத்தில் நாம் திருப்பி எழுதுகிறோம். அது முறை.

மூன்றாவது கணக்குக்கு நோட்டுப் புத்தகம் கிடையாது. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் யாரும் சொல்லாமலே பக்கத்து வீட்டு அடுப்பில் கஞ்சி கொதிக்கும். பிரசவித்தவளின் மூத்த பிள்ளையை எதிர்வீட்டுப் பாட்டி குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்புவார். ஆயாக் கொட்டகை மூடிய பிறகும் தாய் திரும்பி வராவிட்டால், அந்தக் குழந்தை எந்த வீட்டுத் தூளியிலாவது தூங்கிக்கொண்டிருக்கும். இவற்றை யாராவது எங்காவது எழுதி வைத்ததுண்டா? எழுதினால் அதன் பெயரே மாறிவிடும் அல்லவா?

கடிதம் எழுதிய சகோதரி செய்திருப்பது இதுதான்: மூன்றாவது கணக்கில் வந்ததை எடுத்து முதல் கணக்கில் எழுதியிருக்கிறார். அதனால்தான் கடைக்காரரைக் கண்டு ஒதுங்குவதுபோல் பக்கத்து வீட்டு அக்காளைக் கண்டு ஒதுங்குகிறார்.

"எங்களிடம் என்ன இருக்கிறது டீச்சர், வாங்கத்தானே பிறந்தோம்" என்று சிலர் சொல்வதையும் நான் கேட்டிருக்கிறேன். இதைவிடப் பொய்யான பேச்சு வேறில்லை. இந்த நாட்டுத் தமிழ்த் தொழிலாளர்களின் வரலாற்றைப் புரட்டிப் பாருங்கள். அது கொடுத்தவர்களின் வரலாறு.

1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமைந்தபோது, அங்கே தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று 'தமிழ் முரசு' ஆசிரியர் தமிழவேள் கோ. சாரங்கபாணி குரல் எழுப்பினார். பல்கலைக்கழகத்துத் தமிழ் நூல்களுக்காக 'தமிழ் எங்கள் உயிர்' என்று ஒரு நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி என்பதே அவர் மக்களிடம் வைத்த வேண்டுகோள். பால்மரம் வெட்டியவர்களும் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும் அந்த ஒரு வெள்ளியைக் கொடுத்தார்கள். அவர்களுள் பலருக்குத் தங்கள் பிள்ளை பல்கலைக்கழக வாசலை மிதிக்கும் என்ற நம்பிக்கைகூட இருந்திருக்காது. ஆனாலும் கொடுத்தார்கள். துறை 1956ஆம் ஆண்டு சிங்கப்பூரில் தொடங்கி, 1959இல் கோலாலம்பூருக்கு வந்தது. அதன் பிறகு அங்கே படித்துப் பட்டம் பெற்றுத் தமிழாசிரியர்களாகவும் எழுத்தாளர்களாகவும் வந்தவர்கள் எத்தனை பேர்!

அடுத்தது தோட்டத் துண்டாடல் காலம். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து மறுபடியும் விற்றார்கள். தலைமுறையாக அங்கேயே வாழ்ந்த குடும்பங்கள் வேலையும் வீடும் இழந்து நின்றன. அந்த வேளையில் துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று, "நீங்களே சேர்ந்து தோட்டத்தை வாங்குங்கள்" என்றார். 1960ஆம் ஆண்டு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. ஒரு பங்கு 100 வெள்ளி. ஒரேயடியாகக் கட்ட முடியாதவர்கள் மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். நாட்கூலி சில வெள்ளியாக இருந்த காலத்தில் 10 வெள்ளி என்பது பல நாள் வியர்வை. கெடா மாநிலத்து புக்கிட் சீடிம் தோட்டம் சங்கம் வாங்கிய முதல் தோட்டமாயிற்று.

பணம் கட்டியவர்கள் அத்தனை பேரும் புக்கிட் சீடிமில் இருந்தவர்களா? இல்லை. வேறு மாநிலங்களில், வேறு தோட்டங்களில், முகம் பார்த்திராத மக்களோடு சேர்ந்து பங்கு கட்டினார்கள். தன் வீட்டுக் கூரை ஒழுகும்போதே அடுத்தவன் கூரை பறிபோகக்கூடாது என்று நினைத்தார்கள். அந்தப் பாட்டன் பாட்டிமார்களின் பேரப்பிள்ளைகள் நாம். வாங்கத்தான் பிறந்தோம் என்று எந்த வாயால் சொல்வது?

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு வெள்ளி கொடுத்த அந்தப் பால்மரத் தொழிலாளிக்கு, அந்தப் பணத்தில் வந்த நூலைப் படித்த மாணவர் எப்படிக் கைம்மாறு செய்வார்? கொடுத்தவர் யாரென்றே தெரியாதே! ஆசிரியராகித் தோட்டத்துப் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தால் அதுதான் கைம்மாறு. நன்றி என்பது வந்த வழியே திரும்பித்தான் போக வேண்டும் என்பதில்லை. ஆற்றுநீர் போல முன்னோக்கியும் ஓடலாம்.

திருக்குறள் அதிகார வரிசையைப் பாருங்கள். இல்லறவியலில் செய்ந்நன்றி அறிதல் 11ஆம் அதிகாரம். ஒப்புரவறிதல் 22, ஈகை 23. நன்றி முன்னால் வருகிறது, கொடை பின்னால் வருகிறது. இந்த வரிசைக்கு உரையாசிரியர்கள் என்ன காரணம் சொன்னாலும், வகுப்பறையில் நான் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான்: வாங்கியதை நினைவில் வைத்திருப்பவனுக்குத்தான் கொடுக்கத் தெரியும். இரண்டையுமே வள்ளுவர் துறவிக்கோ அரசனுக்கோ வைக்கவில்லை. அடுப்பெரியும் வீட்டுக்காரனுக்கு வைத்திருக்கிறார்.

இனி, கொடுப்பவர்களிடம் கொஞ்சம் பேச வேண்டும்.

நன்றி சொல்ல வேண்டியவர் தலை குனிகிறார் என்றால், சில வேளைகளில் குற்றம் கொடுத்தவர் பக்கம் இருக்கிறது. தீபாவளிக்கு முன்னால் ஒரு மூட்டை அரிசியும் ஒரு போத்தல் எண்ணெயும் கொடுத்துவிட்டு, வாங்கும் கிழவியின் கையைப் பிடித்து நிறுத்திப் படம் எடுக்கிறோம். அந்தப் படம் அன்றைக்கே ஊரெல்லாம் கைப்பேசியில் சுற்றுகிறது. பிள்ளைகளைக் கூட்டத்தின் முன்னால் வரிசையாக நிறுத்தி, "இவர்கள் ஏழை மாணவர்கள்" என்று ஒலிபெருக்கியில் அறிவித்துப் பள்ளிப்பை கொடுப்பதையும் பார்த்திருக்கிறேன். ஒரு சிறுமி அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு போகாமல், பழைய கிழிந்த பையையே தைத்துக் கொண்டு வந்தாள். ஏன் என்று கேட்டேன். "அந்தப் பை எல்லாருக்கும் தெரியும் டீச்சர்" என்றாள். பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தது பெரியவர்களுக்கு ஏன் தெரியாமல் போயிற்று?

2021ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். கொரோனா காலத்தில் நடமாட்டக் கட்டுப்பாடு நீண்டு, அன்றாடக் கூலிக்காரர்கள் அடுப்பெரிக்க வழியில்லாமல் தவித்தபோது, வெள்ளைக் கொடி இயக்கம் தொடங்கியது. உதவி வேண்டுவோர் வீட்டு வாசலில் ஒரு வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டால் போதும். கெஞ்ச வேண்டியதில்லை, பாரம் நிரப்ப வேண்டியதில்லை. மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று பாராமல் அக்கம்பக்கத்தார் சாப்பாட்டுப் பொட்டலங்களோடு வந்தார்கள். அப்படியும் துணியைக் கட்டக் கூசி உள்ளேயே இருந்தவர்களும் உண்டு. அவர்களை அறிந்தவர்கள் பக்கத்து வீட்டார் மட்டுமே. ஆகவே கொடி ஏறட்டும் என்று காத்திருக்காமல், "இன்றைக்குக் குழம்பு கூடுதலாகிவிட்டது, கொஞ்சம் எடுத்துக்கொள்" என்று சொல்லிக் கொடுக்கும் நம் தாய்மார்களின் அந்தச் சின்னப் பொய் இருக்கிறதே, அது பெரிய நாகரிகம்.

பள்ளிக்கூடத்திலிருந்தே ஒரு நல்ல உதாரணம் சொல்லலாம். பாடநூல் இரவல் திட்டம் 1975ஆம் ஆண்டு தொடங்கியது. நெடுங்காலம் அது வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டுமே இருந்தது. யார் இரவல் புத்தகம் வைத்திருக்கிறார்கள் என்று வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். 2008இலிருந்து எல்லா மாணவர்களுக்கும் என்று ஆனது. அதோடு அந்தக் கூச்சம் ஒழிந்தது. புத்தகம் அதே புத்தகம்தான். கொடுக்கும் முறை மாறியதும் பிள்ளையின் தலை நிமிர்ந்தது.

சகோதரிக்கு இப்போது என் பதில்.

முதலில் உரிமையையும் உதவியையும் பிரித்துப் பாருங்கள். சொக்சோ 1971ஆம் ஆண்டிலிருந்து இந்த நாட்டில் இருக்கிறது. அதிலிருந்து வரும் பணம், உங்கள் கணவர் உழைத்த உழைப்பின் பேரில் சட்டப்படி கட்டப்பட்ட சந்தாவுக்கு உரியது. அதைப் பெற்றுத் தர உங்களோடு அலுவலகத்துக்கு அலைந்தவருக்கு வாயார நன்றி சொல்லுங்கள். ஆனால் அந்தப் பணத்துக்காக யார் முன்னாலும் கூனிக் குறுக வேண்டாம். பள்ளியில் மகளுக்குக் கிடைக்கும் காலை உணவும் அப்படியே. அது அரசாங்கம் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கியது. வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காதீர்கள். நம் மானத்துக்குப் பிள்ளையின் வயிற்றைப் பணயம் வைக்கலாகாது.

இரண்டாவது, பக்கத்து வீட்டு அக்காளிடம் ஒரு முறை நேராகப் போய், "அக்கா, நீங்கள் செய்ததை நாங்கள் மறக்க மாட்டோம்" என்று சொல்லுங்கள். மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். பிறகு பழையபடி வாசலில் உட்கார்ந்து பேசுங்கள். ஒதுங்கிப் போனால், செய்த உதவி உங்களைத் தன்னிடமிருந்து பிரித்துவிட்டதே என்று அவர் மனம்தான் வருந்தும்.

மூன்றாவது, ஒன்று சொல்ல வேண்டும். நன்றி வேறு, அடிமைத்தனம் வேறு. உதவி செய்தவர் தவறான காரியத்துக்குக் கையெழுத்துக் கேட்டாலோ, "நான் செய்ததை மறந்துவிட்டாயா" என்று நாலு பேர் முன்னால் சொல்லிக் காட்டினாலோ, வணங்கி விலகிக்கொள்ளலாம். அப்படிக் கொடுத்தவர் அதைக் கடைக்கணக்கில்தான் எழுதியிருக்கிறார். உங்கள் அக்காள் அப்படிப்பட்டவர் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

நான்காவது, கொடுக்க நம்மிடம் பணம் மட்டுமா இருக்கிறது? கணவர் தோள் குணமாகும்வரை அவரால் மரம் ஏறிட்டுப் பார்க்க முடியாமல் இருக்கலாம். ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். லயத்தில் மலாய்க் கடிதம் படிக்கத் தெரியாத முதியவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு ஒரு பாரம் நிரப்பிக் கொடுத்தால், மருத்துவமனைச் சீட்டில் உள்ள தேதியைப் படித்துச் சொன்னால், அது அரிசி மூட்டைக்குக் குறைந்ததா? வேலைக்குப் போகும் ஒரு தாயின் பிள்ளையை அரை நாள் பார்த்துக்கொண்டால், அது வேன் கட்டணத்துக்குக் குறைந்ததா? அக்காளுக்கே செய்ய வேண்டும் என்பதில்லை. தேவைப்படும் யாருக்கேனும் செய்யுங்கள். கணக்கு சரியாகிவிடும்.

நம் பிள்ளைகளுக்கு வருடத் தொடக்கத்தில் கொடுக்கும் இரவல் பாடநூலின் உள்ளட்டையில் ஒரு கட்டம் இருக்கும். எந்த ஆண்டு, யார் பயன்படுத்தினார் என்று வரிசையாகப் பெயர் எழுதுவார்கள். மேலே உள்ள பெயர்கள் நமக்கு முன்னால் படித்தவை. கீழே உள்ள வெறும் கோடுகள் நமக்குப் பின்னால் வரப்போகிற பிள்ளைகளுக்கு. நல்ல பிள்ளை என்ன செய்கிறது? பிளாஸ்டிக் தாளில் அட்டை போட்டு, மூலை மடங்காமல், கிறுக்காமல் ஓர் ஆண்டு படித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறது. வாங்கும்போது வெட்கமும் இல்லை, கொடுக்கும்போது பெருமையும் இல்லை. இந்த மாதம் உங்கள் வீட்டுப் பிள்ளையின் பாடநூலைக் கையில் எடுத்து, அந்தக் கட்டத்தைக் காட்டி இந்தச் செய்தியைச் சொல்லிக் கொடுங்கள்.

அடுத்த இதழில், வீட்டுப்பாடம் செய்ய மேசை இல்லாத வீடுகளில் பிள்ளைகளை எப்படிப் படிக்க வைப்பது என்று பார்ப்போம். உங்கள் அனுபவங்களை எழுதுங்கள். வணக்கம்.