கிஸ்திக் கணக்கும் கயத்தாற்றுப் புளியமரமும்

சிவகாசியின் அச்சகங்கள் தமிழகத்துச் சுவர்களுக்கு அனுப்பிவைக்கும் நாட்காட்டிகளில் தெய்வங்களுக்கு அடுத்த இடம் தலைவர்களுக்கும் வீரர்களுக்கும் உரியது. சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தில், பட்டாசுக் கட்டுகளுக்கு நடுவே தொங்கும் இத்தகைய தாள்களைப் பார்க்கும்போதெல்லாம் நமக்கு ஒரு சந்தேகம் எழுவதுண்டு. மீசையும் வாளும் இவ்வளவு துல்லியமாக அச்சாகிற இந்த மண்ணில், அந்த வாள் எதற்காக உருவப்பட்டது என்ற கணக்கு மட்டும் ஏன் அச்சேறவில்லை?

1959இல் வெளிவந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' திரைப்படத்திலிருந்தே நம்மில் பலரும் வரலாற்றைக் கற்றோம். அதில் வரி என்பது மான அவமானப் பிரச்சினை. ஒருவர் கேட்கிறார், மற்றவர் மறுக்கிறார், அரங்கம் கைதட்டுகிறது. ஆவணங்கள் சொல்லும் கதை வேறு. 1798இல் பாஞ்சாலங்குறிச்சியின் மீது நிலுவையாகக் காட்டப்பட்ட தொகை 3310 பகோடா. கட்டபொம்மன் அதில் பெரும்பகுதியைச் செலுத்தி, 1080 பகோடா மட்டுமே மீதம் வைத்திருந்தார். அப்படியிருந்தும் கலெக்டர் ஜாக்சன் அவரை ஊர் ஊராக அலையவைத்து, செப்டம்பரில் இராமநாதபுரத்தில் சந்தித்துச் சிறைப்பிடிக்க முயன்றார். பின்னர் நடந்த விசாரணையில் ஜாக்சன்மீதே தவறு காணப்பட்டு, அவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். பணம் கட்டியவரையே தூக்குமரம்வரை கொண்டுசென்ற அமைப்பு அது. கட்டமாட்டேன் என்று வசனம் பேசியவரைவிடக் கட்டியும் தப்ப இயலாதவரின் கதையே நமக்குக் கூடுதலான துயரமாகவும், கூடுதலான அரசியலாகவும் படுகிறது.

அந்த நிலுவை பாஞ்சாலங்குறிச்சியில் பிறந்ததன்று. ஆற்காட்டு நவாப் முகமது அலி தன் அரியணைக்காகக் கம்பெனிப் படையை நம்பினார். படைச் செலவு அவர் தலையில் விழுந்தது. அதை அடைக்கக் கம்பெனி ஊழியர்களிடமே கொடும் வட்டிக்குக் கடன் வாங்கினார். எட்மண்ட் பர்க் 1785இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இந்தக் கடன்களைப் பற்றி எழுப்பிய குரல் இன்றும் வாசிக்கப்படுகிறது. ஹைதருடனான போரின் நடுவே, 1781இல் நவாபின் வருவாய் முழுவதும் கம்பெனிவசம் ஒப்படைக்கப்பட்டது. திப்புவுடனான போர் முடிந்த 1792இல் ஏற்பட்ட உடன்படிக்கை, பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் உரிமையைக் கம்பெனிக்கே தந்தது. ஆக, மைசூர் எல்லையில் வெடித்த பீரங்கிகளின் செலவு, நவாபின் கடனேட்டின் வழியாகக் கரிசல் காட்டு உழவனின் களத்துமேட்டுக்கு வந்து சேர்ந்தது. 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. செப்டம்பரில் பானர்மேனின் படை பாஞ்சாலங்குறிச்சியில் நின்றது. அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கு.

இதைத் தமிழ்நாட்டின் தனிக்கதை என்று கருதுவதும் பிழை. ஏழாண்டுப் போரின் கடனை ஈடுகட்டவே 1765இல் அமெரிக்கக் குடியேற்றங்கள்மீது முத்திரைத்தாள் வரி விதிக்கப்பட்டது. 1773இல் பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டப்பட்டது இதே கம்பெனியின் தேயிலைதான். 1781இல் யார்க்டவுனில் சரணடைந்த காரன்வாலிஸ்தான் 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணத்து வாயிலில் திப்புவிடம் பாதி நாட்டைக் கேட்டவர். அங்கே வரி எதிர்ப்பு அரசியல் தத்துவமாயிற்று. இங்கே அது நாட்டார் கதைப்பாடலாயிற்று. இரண்டும் ஒரே கடனேட்டின் இரு பக்கங்கள் என்று சொல்ல நம்மிடம் ஏன் ஆளில்லை?

பாளையக்காரர்களை மக்கள் தலைவர்களாக வரைந்துவிடும் அவசரமும் நமக்கில்லை. காவல் வரி என்று கிராமங்களிடம் அவர்களும் வசூலித்தார்கள். எட்டயபுரம் கம்பெனிப் பக்கம் நின்றது. யார் வசூலித்தாலும் கொடுத்தவன் ஒருவனே. ஆனால் பஞ்ச காலத்தில் இறங்கிவரக்கூடிய உள்ளூர்க் கைக்கும், தொலைதூரப் போருக்காகத் தவணை தவறாமல் நீளும் கைக்கும் வேறுபாடு உண்டு. 1801இல் மருது சகோதரர்களின் பின்னே அத்தனை பேர் திரண்டதை அந்த வேறுபாட்டை விட்டுவிட்டு விளக்க முடியாது.

பின்னரும் இதே தருக்கமே தொடர்ந்தது. 1857 எழுச்சியை அடக்கிய செலவு இந்தியாவின் கடனாயிற்று. 1860இல் வருமான வரி வந்தது. முதல் உலகப் போருக்கு இந்தியா 10 கோடி பவுண்டு 'அன்பளிப்பு' அளித்ததாக ஏட்டில் எழுதப்பட்டது. போருக்குப் பின் கஜானா வறண்டபோது, 1922இல் இறக்குமதித் தீப்பெட்டி மீதான தீர்வை இருமடங்காயிற்று. சட்டசபை மறுத்தும், 1923இல் வைசிராய் ரீடிங் தன் அதிகாரத்தால் உப்பு வரியை இரட்டிப்பாக்கினார். அந்த உயர்வு ஓராண்டில் கைவிடப்பட்டாலும் உப்பு வரி நீடித்தது. 1930இல் வேதாரண்யத்துக்கு நடந்தவர்களோடு விருதுநகரின் காமராசரும் சேர்ந்து சிறை சென்றார். அந்தத் தீப்பெட்டித் தீர்வையின் நிழலில்தான், கல்கத்தாவில் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923இல் சிவகாசியில் ஆலை தொடங்கினார்கள். இறக்குமதி சுருங்கி அந்த வருவாய் வற்றியதும், 1934இல் உள்நாட்டுத் தீப்பெட்டிக்கும் கலால் வரி வந்தது. இந்த ஊரின் முதல் தீக்குச்சியே ஒரு போர்க் கணக்கின் உரசலில் பற்றியது என்பதை எந்த நாட்காட்டி சொல்லும்?

கணக்கைத் தொலைத்ததன் விலையை இதே மாவட்டம் கொடுத்திருக்கிறது. கட்டபொம்மனின் தளபதியாகப் போரிட்டு மடிந்தவர் ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்த சுந்தரலிங்கம். 1997இல் விருதுநகரை மையமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு அவர் பெயர் அறிவிக்கப்பட்டபோது, அந்தப் பேருந்தில் ஏறமாட்டோம் என்றவர்கள் நம்மவர்களே. கலவரம் மூண்டது. அதே ஆண்டு மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. அந்தப் போரைக் கடனின், வரியின், உழவனின் கதையாக நாம் எழுதியிருந்தால், அதில் மடிந்தவனின் சாதியைக் கேட்கும் துணிவு யாருக்கும் எளிதில் வந்திராது. வெறும் மீசையின் கதையாக எழுதினோம். மீசைக்குச் சாதி கண்டுபிடிப்பது எளிது.

கவிஞர்களும் நாவலாசிரியர்களும் கயத்தாற்றுப் புளியமரத்தைப் போதுமான அளவு பாடிவிட்டார்கள். இனி யாரேனும் அந்த 1080 பகோடாவைப் பற்றி எழுதட்டும்.