இலவசமா, பூட்டா, சந்தாவா?

போன வாரம் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு வெளியே டீ குடிக்கும்போது எங்கள் நால்வர் கூட்டணி கிட்டத்தட்ட உடைந்துவிட்டது. ஆளுக்கு ஐயாயிரம் போட்டிருப்பதால் முழுசாக உடைக்க யாருக்கும் மனசு வரவில்லை :-)

விஷயம் இதுதான். அந்த நூலகத்தில் சொந்தப் புத்தகத்தோடு உட்கார்ந்து போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் ஏராளம். அவர்கள் ஒருவருக்கொருவர் சந்தேகம் தீர்த்துக்கொள்ள ஒரு உறுப்பினர் தளம் கட்டுகிறோம். முக்கால்வாசி வேலை முடிந்தாச்சு. பணம் எங்கிருந்து வரும் என்பதில்தான் தகராறு.

ஒருத்தன் சொல்கிறான்: "எல்லாம் இலவசம். விளம்பரம் போட்டுக்கலாம்." இன்னொருத்தன்: "பதிவு இலவசம். விடையை மட்டும் மங்கலாக்கிடு. பார்க்கணும்னா காசு. பாரத் மேட்ரிமோனி அப்படித்தானே ஜெயிச்சாங்க?"

இரண்டும் தப்பு என்பது என் கட்சி.

முதலில் விளம்பரம். மயிலாப்பூர் டைம்ஸ் வீடு தேடி இலவசமாக வந்த பத்திரிகை. லஸ் பக்கம் கடை வைத்திருப்பவர் விளம்பரம் கொடுத்தார், அதே தெருக்காரர் படித்தார். இருவருக்கும் லாபம். எங்களுக்கு யார் விளம்பரம் கொடுப்பார்கள்? கோச்சிங் சென்டர்கள்தான். நாளைக்கே ஒரு உறுப்பினர் "அந்த சென்டரில் பணம் கட்டாதீங்க, வேஸ்ட்" என்று எழுதினால் என்ன செய்வோம்? மனசாட்சியோடு பதில் சொல்லுங்க மக்களே. அழித்துவிடுவோம். காசு கொடுப்பவர்தான் முதலாளி.

அடுத்தது பூட்டு. முருகவேல் ஜானகிராமன் 1990-களின் கடைசியில் அமெரிக்காவில் இருந்தபடி நடத்திய தமிழர் தளத்தின் திருமணப் பகுதியில் இருந்து வளர்ந்தது பாரத் மேட்ரிமோனி. 2017-ல் பங்குச் சந்தைக்கே போனது. வரன் பதிய இலவசம், தொடர்புகொள்ளக் கட்டணம். அங்கே அது நியாயம்தான். ஜாதகம் கொடுத்தவரே யாராவது கூப்பிடமாட்டார்களா என்றுதான் காத்திருக்கிறார். கல்யாணம் முடிந்த அன்று வாடிக்கையாளர் போய்விடுவார் என்பதால், இருக்கும்போதே வாங்கியாக வேண்டிய கட்டாயமும் அந்தத் தொழிலுக்கு உண்டு.

எங்கள் தளத்தில் பூட்டுக்குள் போகப்போவது எது? யாரோ ஒருவர் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, முகம் தெரியாத இன்னொருவருக்காகச் சும்மா எழுதிக்கொடுத்த விடை. அதை மங்கலாக்கி விற்பது அடுத்தவன் வீட்டு மாங்காயை நம் கடையில் விற்பதுதான். இது உலகத்தில் நடக்காததும் இல்லை. எக்ஸ்பர்ட்ஸ் எக்ஸ்சேஞ்ச் என்ற தளம் கணினி சந்தேகங்களுக்கான விடைகளைச் சந்தாவுக்குப் பின்னால் வைத்தது. 2008-ல் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ அதே வேலையைத் திறந்துவைத்துச் செய்தது. எழுதுபவர்கள் எந்தப் பக்கம் போனார்கள் என்று கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் எல்லோருக்கும் தெரியும்.

அப்போ என்னதான் செய்வது? சிலிக்கான் வேலி வரை போக வேண்டாம், மயிலாப்பூர் போதும். 1872-ல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்ட் ஒரு நிதி நிறுவனம். உறுப்பினரிடம் மட்டும் டெபாசிட், உறுப்பினருக்கு மட்டும் கடன். நடுவில் மூன்றாம் ஆள் கிடையாது. மார்கழி சபாக்களைப் பாருங்கள். பல சபாக்களில் மதியம் இளையவர்கள் கச்சேரி இலவசம். சாயங்காலம் பெரிய வித்வான் பாடினால் டிக்கெட். மதியம் ஓசியில் கேட்டவர்தான் நாளைக்கு டிக்கெட் வாங்கும் ரசிகர் ஆகிறார்.

அதனால் என் திட்டம்: கேள்வி, விடை, படிப்பது எல்லாம் திறந்தே இருக்கட்டும். நாங்கள் உழைத்துச் செய்வதற்கு மட்டும் காசு. நேரம் வைத்து எழுதும் மாதிரித் தேர்வு, திருத்தம், எந்தப் பாடத்தில் வீக் என்று காட்டும் கணக்கு. வருடத்துக்கு 200 ரூபாய் சந்தா. பத்து நல்ல விடை எழுதியவருக்கு அந்த வருடம் சந்தா கிடையாது. 200 ரூபாய் புரட்ட முடியாதவருக்கும் வழி இருக்கணும் இல்லையா.

"நம்ம ஆளுங்க நெட்ல காசு தரமாட்டாங்க" என்பது பழைய பாட்டு. 2000-ல் கிரெடிட் கார்டு இருந்தவர் எத்தனை பேர்? 2016-ல் யுபிஐ வந்தபிறகு நாங்கள் அன்று குடித்த டீக்கே ஸ்கேன் பண்ணித்தான் காசு கொடுத்தோம். ஒரு எச்சரிக்கை: ஆப் வழியாக வாங்காமல் நம் தளத்திலேயே வாங்கணும். 2024 மார்ச்சில் கமிஷன் தகராறில் கூகுள் தன் ப்ளே ஸ்டோரில் இருந்து பாரத் மேட்ரிமோனி உள்ளிட்ட ஆப்களைத் தூக்கியது, சில நாளில் திருப்பிப் போட்டது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அந்த கதி.

இதில் பணக்காரர் ஆக முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆயிரம் பேர் சேர்ந்தால் வருடத்துக்கு இரண்டு லட்சம். சர்வர் வாடகை போக, திருத்துபவர் ஒருவருக்குப் பகுதி நேரச் சம்பளம் தரலாம். மெதுவாகத்தான் வளரும். ஆனால் யாருக்கு வேலை செய்கிறோம் என்ற குழப்பம் வராது. உறுப்பினருக்குப் பிரயோஜனம் இல்லை என்றால் அடுத்த வருடம் சந்தா வராது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் ஓட்டுப் போடுகிறோம். பூட்டு ஜெயித்தால் என் ஐயாயிரம் போனால் போகட்டும். சோதனைக்காக நான் எழுதிப்போட்ட விடைகளை மட்டும் அழித்துவிட்டுத்தான் வெளியே வருவேன். அவை விற்பனைக்கு இல்லை.