ஏலம் கேட்பது இலவசமானால்

ஹரியாணாவில் 2025 நவம்பர் இறுதியில் நடந்த இணைய ஏலத்தில் 'எச்ஆர் 88 பி 8888' என்ற வாகனப் பதிவெண் 1 கோடியே 17 லட்சம் ரூபாய்க்குப் போனது. நாட்டிலேயே விலை உயர்ந்த பதிவெண் என்று செய்தி பரவி அடங்குவதற்குள் பணம் கட்ட வேண்டிய கெடு முடிந்துவிட்டது. ஏலம் எடுத்தவர் கட்டவில்லை. அவருடைய சொத்தையும் வருமானத்தையும் விசாரிக்கும்படி மாநிலப் போக்குவரத்து அமைச்சர் அனில் விஜ் உத்தரவிட்டார். அதற்கு முன், 2023 பிப்ரவரியில், இமாச்சலப் பிரதேசத்தின் கோட்காயில் 'எச்பி 99 9999' என்ற எண்ணை 1 கோடியே 12 லட்சம் வரை கேட்டுவிட்டுப் பணம் கட்டாமல் போனார்கள். இரண்டு முறையும் ஊர் திட்டியது ஏலம் கேட்டவரைத்தான். திட்டு விழ வேண்டியது ஏல விதியின் மேல். ஹரியாணா எண்ணின் தொடக்க விலை 50,000 ரூபாய். அதற்கு டெபாசிட் 10,000. தொடக்க விலையோடு பார்த்தால் அது ஐந்தில் ஒரு பங்கு, நியாயமான தொகைதான். ஆனால் விலை கோடியைத் தாண்டிய பிறகும் டெபாசிட் அதே 10,000-ல் நின்றது. அதாவது, நூறு ரூபாய்க்கு 9 காசுகூட இல்லை. வாய்க்கு வந்த விலையைச் சொல்லிவிட்டு எழுந்து போவதற்கு அந்த ஏலத்தில் இருந்த தண்டனை அவ்வளவுதான்.

வடக்கே நடந்த வேடிக்கை என்று திருப்பதி பக்கத்துப் பாகாலாவில் இருப்பவர் இதை ஒதுக்கிவிட முடியாது. திருமலையில் பக்தர்கள் காணிக்கையாகத் தரும் தலைமுடி இணைய ஏலத்தில்தான் விற்கப்படுகிறது. உண்டியலில் விழும் கைக்கடிகாரங்களும் செல்பேசிகளும் அப்படியே. சேஷாசலக் காடுகளில் பிடிபட்ட செம்மரக் கட்டைகளை ஆந்திர அரசு 2014-ல் மத்திய அரசு நிறுவனமான எம்எஸ்டிசி-யின் தளத்தில் உலகுக்கே ஏலம் விட்டது. ரயில் நிலைய வாகன நிறுத்தகக் குத்தகைகூட 2022 முதல் இணைய ஏலத்துக்கு வந்துவிட்டது. கடன் கட்டாதவர்களின் வீடு, மனைகளை வங்கிகள் விற்பதும் இணைய ஏலத்தில்தான். இவற்றுக்கெல்லாம் கீழே, பழைய நாணயம், தபால்தலை, பழைய கேமரா என்று ஏலத் தளங்களிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் விற்கும் தனி மனிதர்கள் இருக்கிறார்கள். அரசுத் துறைக்கு ஏலம் பொய்த்தால் மறு ஏலம் உண்டு, சம்பளம் நிற்காது. தனி விற்பனையாளருக்கோ ஒரு வாரம் போகிறது. உண்மையாகவே வாங்க வந்த இரண்டாமவரும் மூன்றாமவரும் வேறு பொருளைத் தேடிப் போய்விடுகிறார்கள். பணம் கட்டாத ஏலதாரர் என்ற தொல்லை முழுக்க ஒழுக்கக் கேட்டிலிருந்து பிறப்பதில்லை. விலை சொல்வதை இலவசமாக்கிய இடத்தில் அது தானாக முளைக்கிறது. ஆகவே அதற்கான மருந்தை ஏலம் முடிந்த பிறகு தேடுவது வீண்; விலை கேட்கும் முன்பே அது இருந்தாக வேண்டும்.

நேரில் நடக்கும் ஏலத்தில் இந்தத் தொல்லை ஏன் இவ்வளவு இல்லை என்று பார்த்தால் விஷயம் தெளிவாகும். முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளியின் தக்காளிச் சந்தையில் விலை கேட்கும் வியாபாரியை மண்டிக்காரருக்குத் தெரியும். அவருடைய கடையும் ஊரும் தெரியும். இன்று சரக்கை எடுக்காமல் போனவர் நாளை அதே மண்டியில் வந்து நிற்க முடியாது. அதைவிட முக்கியம், விவசாயி பணம் கேட்பது வியாபாரியிடம் அல்ல, மண்டிக்காரரிடம். கமிஷன் வாங்குகிறவர் பொறுப்பையும் ஏற்கிறார் என்பது அந்த ஏற்பாட்டின் உயிர். அதில் எடைக்குறைவு, கூடுதல் கமிஷன், கடன் பிடிமானம் என்று குறைகள் ஏராளம். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் வாங்குபவர் ஓடிவிட்டால் யார் பதில் சொல்வது என்ற கேள்விக்கு அங்கே விடை இருந்தது. இணைய ஏலம் தெரிந்த முகத்தை எடுத்துவிட்டது. அந்த முகம் தந்த உத்தரவாதத்துக்குப் பதிலாக எதையும் வைக்கவில்லை. கமிஷனை மட்டும் தளங்கள் மறக்காமல் வைத்துக்கொண்டன.

பதிலாக எதை வைப்பது என்பது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய ஒன்றல்ல. சித்தூர் வட்டாரம் வட ஆற்காட்டோடு சேர்ந்திருந்த காலத்தில், 1864-ல், சென்னை மாகாணத்துக்கு இயற்றப்பட்ட வருவாய் மீட்புச் சட்டம், நிலத்தை ஏலம் எடுப்பவர் விலையில் 15 சதவீதத்தை அப்போதே கட்ட வேண்டும் என்றது. 1908-ன் உரிமையியல் நடைமுறைச் சட்டம் இன்னும் கண்டிப்பானது. நீதிமன்ற ஏலத்தில் சொத்தை எடுத்தவர் 25 சதவீதத்தை உடனே கட்ட வேண்டும், மீதியை 15 நாளில் கட்ட வேண்டும். தவறினால் கட்டியதை இழக்கலாம். மறு ஏலத்தில் விலை குறைந்தால் அந்தக் குறைவையும் அவரிடமே வசூலிக்க வழி உண்டு. வங்கிகள் சொத்தை விற்பதற்கான 2002-ம் ஆண்டு விதிகளிலும் அதே 25 சதவீதம் இருக்கிறது. இந்தச் சட்டங்கள் எல்லாவற்றிலும் பொதுவாக உள்ள நுட்பம் ஒன்றுதான். டெபாசிட் தொடக்க விலையின் பங்கு அல்ல, கேட்ட விலையின் பங்கு. கேட்கிற விலை ஏற ஏற, பொய்யாகக் கேட்பதன் செலவும் கூடவே ஏறுகிறது. ஹரியாணா ஏலத்தில் இந்த 25 சதவீதம் இருந்திருந்தால், 1 கோடியே 17 லட்சம் என்று சொன்னவர் அப்போதே 29 லட்சத்துக்கு மேல் எடுத்துவைத்திருக்க வேண்டும். அந்த விலையை அவர் சொல்லியே இருக்க மாட்டார் என்று துணிந்து கூறலாம்.

உலக அளவில் தனி மனிதர்களுக்கு இணைய ஏலத்தைப் பழக்கியது 1995-ல் தொடங்கிய ஈபே. 2004-ல் பாஸீ டாட் காமை வாங்கி இந்தியாவுக்குள் வந்தது, 2018-ல் இங்கே கடையை மூடியது. அதன் அனுபவம் ஒரு பாடம். ஏலம் எடுத்தவர் நான்கு நாள் பணம் கட்டாவிட்டால் விற்பவர் விற்பனையை ரத்து செய்யலாம்; தளத்துக்கான கட்டணம் திரும்ப வரும்; வாங்கியவர் கணக்கில் ஒரு குறி விழும். 2008-க்குப் பிறகு, வாங்குபவரைப் பற்றி விற்பவர் எதிர்மறையாக எழுதும் உரிமையும் போய்விட்டது. விற்பவர்கள் பழிவாங்குகிறார்கள் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அதில் உண்மையும் இருந்தது. ஆனால் விளைவு என்ன? ஏலத்தை எடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்பவருக்கு ஒரு குறியைத் தவிர இழப்பு இல்லை. குறி கூடினால் வேறொரு மின்னஞ்சலில் வேறொரு கணக்கு. இந்திய ஈபேயின் 'பைசாபே' ஏற்பாடு, கட்டிய பணத்தைப் பொருள் வந்துசேரும் வரை பிடித்துவைத்து வாங்குபவரைக் காத்தது. பணமே கட்டாதவரிடமிருந்து விற்பவரைக் காக்க அதனாலும் இயலவில்லை. பின்னால் பெயரைக் கெடுப்பது போதும் என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பெயரே நிலையில்லாத இடத்தில் பெயர் கெடுவது தண்டனை ஆகாது.

முதலாமவர் கட்டாவிட்டால் இரண்டாமவருக்குக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே என்று சிலர் கேட்பார்கள். பல நேரம் அது நல்ல வழி. நேர்மையான இரண்டாமவருக்கும் அது நியாயம். ஆனால் அதை விதியாகவே எழுதிவைத்தால் மோசடிக்கு வாசல் திறக்கிறது. இரண்டு கூட்டாளிகளில் ஒருவர் குறைந்த விலையைக் கேட்டு வைப்பார். அடுத்தவர் யாரும் எட்ட முடியாத விலையைச் சொல்லி மற்றவர்களை விரட்டுவார். கடைசியில் பெரிய விலைக்காரர் காணாமல் போவார். பொருள் குறைந்த விலைக்குக் கூட்டாளியின் கையில் வந்து சேரும். இணைய ஏலங்களில் இது பழைய தந்திரம். டெபாசிட் பெரிதாக இருந்தால் இந்த நாடகத்துக்கு லாபமே இருக்காது; சிறிதாக இருந்தால் நாடகச் செலவாகக் கழித்துக்கொள்வார்கள். எனவே இரண்டாமவருக்குக் கொடுப்பதானால், அவர் கேட்ட விலை மற்றவர்கள் கேட்ட விலைகளோடு ஒட்டி இருக்கிறதா என்று பார்த்தே கொடுக்க வேண்டும். பெரிய இடைவெளி இருந்தால் மறு ஏலம்தான் சரி.

எதிர்ப்புகளில் வலுவானது, டெபாசிட் ஏழைகளை ஏலத்துக்கு வெளியே நிறுத்தும் என்பது. பணத்தை ரொக்கமாகக் கட்டி, தோற்ற பிறகு அது திரும்ப வர வாரக்கணக்கில் காத்திருந்த காலத்தில் இது முழு உண்மை. இன்று அப்படி இல்லை. புதிய பங்குகளுக்கு விண்ணப்பிக்கும் சிறு முதலீட்டாளரின் பணம் அவர் கணக்கிலேயே இருக்க, வங்கி அதை நிறுத்திவைக்கும் 'அஸ்பா' முறையை செபி 2008-ல் கொண்டுவந்தது. 2019 முதல் அது யுபிஐ வழியாகவும் நடக்கிறது. பங்கு கிடைத்தால் பணம் போகும்; கிடைக்காவிட்டால் பூட்டு திறக்கும்; இடைப்பட்ட நாள்களின் வட்டியும் அவருக்கே. வாங்கும் பொருளுக்கு யுபிஐ-யில் இப்படிப் பணத்தை நிறுத்திவைத்துப் பிறகு எடுக்கும் வசதியை ரிசர்வ் வங்கியும் 2022 டிசம்பரில் அறிவித்தது. 500 ரூபாய் நாணயத்துக்கு விலை கேட்பவரின் கணக்கில் 125 ரூபாயை இரண்டு நாள் நிறுத்திவைப்பது யாரையும் வெளியே தள்ளாது. 125 ரூபாயைக்கூட ஒதுக்க முடியாதவர் 500 ரூபாய் என்று சொல்லியதில்தான் கோளாறு.

அடுத்தது, கட்டிய பணத்தைப் பறிப்பது கொடுமை, விற்பவருக்கு உண்மையில் எவ்வளவு நட்டமோ அவ்வளவுதான் பிடிக்க வேண்டும் என்ற வாதம். தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை சென்ற ஒரு வழக்கில் இது நேராகவே எழுந்தது. சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியாவின் ஏலத்தில் ஒரு சொத்தை 12 கோடியே 27 லட்சத்துக்கு எடுத்தவர், நான்கில் ஒரு பங்கைக் கட்டிவிட்டு மீதியைக் கட்டவில்லை. மறு ஏலத்தில் சொத்து 14 கோடியே 76 லட்சத்துக்குப் போனது. வங்கிக்கு லாபம்தானே, பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றது அவர் தரப்பு. பெரும்பகுதியைத் திருப்பித் தரும்படி சென்னை உயர் நீதிமன்றத்திலும் உத்தரவு வந்தது. 2024 பிப்ரவரி 2-ல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, முழுத் தொகையையும் வங்கி வைத்துக்கொள்ளலாம் என்றது. நட்டம் இருந்தால் மட்டும் பிடித்தம் என்றால், ஏலத்தை விளையாட்டாக்குபவர்களைத் தடுக்க எதுவும் மிஞ்சாது என்பதே அதன் சாரம். மறு ஏலத்தில் விலை ஏறியது வங்கியின் அதிர்ஷ்டம். கட்டாதவரின் நற்செயல் அல்ல. ஆனாலும் மருத்துவ அவசரம், வங்கிக் கோளாறு போன்ற உண்மையான காரணங்களுக்கு ஒரு முறை கெடு நீட்டிக்கும் இடம் விதியில் இருக்கத்தான் வேண்டும். தாமதத்துக்கு இரக்கம் காட்டலாம். வெற்று வாய்ச்சொல்லுக்குக் காட்டக் கூடாது.

விற்பவர்கள் மட்டும் யோக்கியமா என்ற கேள்வியும் நியாயமானதே. எதிர்பார்த்த விலை வராதபோது பொருள் உடைந்துவிட்டது என்பவர்களும், சொந்தக்காரரை விட்டு விலையை ஏற்றுபவர்களும் உண்டு. இதற்கு விடை, கட்டுப்பாட்டை இரு பக்கமும் வைப்பது. 2020-ன் மின்வணிக விதிகள், தளம் தன்னிச்சையாக ரத்து செய்யும்போது தானும் அதே கட்டணத்தை ஏற்காவிட்டால், வாங்குபவரிடம் ரத்துக் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்கின்றன. அந்த நியாயம் ஏலத்துக்கும் பொருந்தும். பின்வாங்கும் விற்பனையாளரும் அதே விகிதத்தில் இழக்கட்டும்.

ஆகவே ஆந்திரம், தமிழகம் உள்ளிட்ட மாநிலங்களின் போக்குவரத்துத் துறைகளும், கோயில் நிர்வாகங்களும், தனியார் ஏலத் தளங்களும் செய்ய வேண்டியது மூன்று. கேட்கும் விலையோடு சேர்ந்து ஏறும் டெபாசிட்டை யுபிஐ வழியே நிறுத்திவையுங்கள். கட்டாதவரின் தொகையில் விற்பவருக்குச் சேர வேண்டியதை அவருக்கே கொடுங்கள். தளமோ துறையோ முழுவதையும் விழுங்க வேண்டாம். ஒரே ஆள் பல பெயர்களில் வராதபடி வங்கிக் கணக்கோடு அடையாளத்தை இணையுங்கள். இந்த விதிகள் வரும் வரை சிறு விற்பனையாளருக்கு ஒரே பாதுகாப்புதான்: முன்பணம் கட்டாதவரை ஏலத்தில் சேர்க்காதீர்கள், முழுப் பணம் கணக்கில் ஏறாமல் பொருளைப் பார்சல் கட்டாதீர்கள்.