குடாவுக்கு அக்கரையில் நடந்த உலகப் போர்

போன வாரம் தரம் 11இல் இரண்டாம் உலகப் போர் பாடம். "இந்தப் போர் நம்ம ஊரிலிருந்து எவ்வளவு தூரத்தில் நடந்தது?" என்று கேட்டேன். ஒரு பிள்ளை ஜேர்மனி என்றது, இன்னொன்று ஜப்பான் என்றது. சீனக்குடா என்று ஒருவரும் சொல்லவில்லை.

பிள்ளைகளில் பிழையில்லை. கிண்ணியாவில் இருக்கும் நமக்கே திருமலைக் கோட்டை என்றால் பிரட்றிக் கோட்டைதான் ஞாபகம். துறைமுக வாசலைக் காத்தது ஒஸ்டன்பேர்க் கோட்டை. ஒல்லாந்தருடையது. 1795இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். பிற்காலத்தில் அந்த மேட்டில் கரையோரப் பீரங்கிகளை நிறுத்தினார்கள். எதிரி கப்பலில் வருவான் என்பது கணக்கு.

1942 ஏப்ரல் 9 காலை எதிரி வந்தான், ஆனால் வானத்தால். தூரக் கடலில் நின்ற கப்பல்களிலிருந்து 100க்கும் மேற்பட்ட ஜப்பானிய விமானங்கள் புறப்பட்டு வந்து கப்பல்துறையையும் சீனக்குடா விமானத் தளத்தையும் தாக்கின. எண்ணெய்த் தாங்கியொன்று பற்றியெரிந்தது. முதல்நாள் இரவு துறைமுகத்தை விட்டு வெளியேறிய ஹேர்மிஸ் கப்பலையும் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடித்தார்கள். அதில் மட்டும் 300க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கடலைக் குறிவைத்து நின்ற பெரிய பீரங்கிகளால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

1957இல் ஆங்கிலேயர் தளத்தைக் கையளித்தார்கள். கோட்டையின் மிச்சம் இன்று கடற்படை முகாமுக்குள் இருக்கிறது.

"நாம் பட்ட யுத்தமும் சுனாமியும் போதாதா, இந்தப் பழங்கதை எதற்கு?" என்று சிலர் கேட்பீர்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன். அந்தக் கரும்புகையை இக்கரையில் நின்று பார்த்ததாக என் மூத்தப்பா சொல்வார். சனம் எந்தப் பக்கம் ஓடியது, எத்தனை நாள் கழித்துத் திரும்பியது என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. இப்போது கேட்க அவர் இல்லை. அன்று பத்து வயதாக இருந்தவர்களுக்கு இன்று தொண்ணூறு தாண்டிவிட்டது.

ஆங்கிலேயன் தன் பீரங்கியின் கணக்கை எழுதி வைத்தான். ஓடிய நம் சனத்தின் கணக்கை நாம்தான் எழுத வேண்டும். 1942ஐ விட்டதுபோல 1990ஐயும், 2004ஐயும், 2006இல் மூதூர் மக்கள் இடம்பெயர்ந்ததையும் விட்டுவிடப் போகிறோமா?

பாடசாலைச் சுற்றுலாவை நுவரெலியாவுக்கே கொண்டுபோகாமல், அனுமதி எடுத்து ஒருமுறை அந்த மேட்டுக்கும் கொண்டுபோவோம். அதற்கு முன் இன்றிரவே வீட்டிலுள்ள மூத்தம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து போனில் பதிவு செய்யுங்கள். உங்கள் வீட்டில் கேட்ட கதை இருந்தால் கீழே எழுதுங்கள், என் வகுப்பில் வாசித்துக் காட்டுகிறேன்.