மலிவு ரிக்கற்றும் கேட்காமல் விடும் நட்டஈடும்

விமான ரிக்கற்றில் 10 பவுண்ஸ் குறையவேண்டும் என்று நடுச்சாமம் வரை கைபேசியைத் தடவிக்கொண்டிருக்கும் எங்கட வியாபாரிகள், அதே விமானம் 4 மணித்தியாலம் பிந்தினால் சட்டப்படி வரவேண்டிய 220 பவுண்ஸை ஏன் கேட்காமல் விடுகிறார்கள்? கேட்டால், "வந்து சேர்ந்திட்டம்தானே, விடுங்கோ" என்பார்கள்.

இலண்டனில் கடை வைத்திருப்பவர் சூரிச்சுக்கும் ஒஸ்லோவுக்கும் போவது ஊர் பார்க்க அல்ல. சாமான் பார்க்க, விலை பேச, நிலுவைக் காசு வாங்க. ரிக்கற் 30 பவுண்ஸ் என்றுதான் தொடங்கும். பிறகு பொதிக்கு ஒரு காசு, இருக்கைக்கு ஒரு காசு. பாரிஸ் என்று சொல்லி விற்கிற பொவே விமான நிலையம் பாரிசிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது. அந்த பஸ் காசை யார் கணக்கில் எழுதுவது? பெரிய கொம்பனியில் வேலை செய்பவர் விமான நிலையத்தில் காத்திருந்தாலும் சம்பளம் ஓடும். கடைக்காரருக்குக் கடை பூட்டிக் கிடக்கும், இல்லாவிட்டால் மாற்றாக நிற்பவருக்கு மேலதிகச் சம்பளம் கொடுக்கவேண்டும். தன் நேரத்துக்கு விலை போடாத பழக்கம் எங்களிடம் ஊரிலிருந்தே வந்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதியை பிரெக்சிற்றுக்குப் பிறகும் பிரித்தானியா தன் சட்டமாக வைத்திருக்கிறது. தவறு விமான நிறுவனத்தின் பக்கம் இருந்து, 3 மணித்தியாலத்துக்கு மேல் பிந்திப் போய்ச் சேர்ந்தால், 1,500 கிலோமீற்றர் வரையான பயணத்துக்கு 220 பவுண்ஸ், 3,500 வரை 350. அதற்கும் மேற்பட்ட தூரத்துக்கு, 4 மணித்தியாலம் பிந்தினால் 520. ரிக்கற்றை 25 பவுண்ஸுக்கு வாங்கியிருந்தாலும் தொகை இதுதான். காலநிலை போன்ற காரணங்களுக்கு இந்தக் காசு கிடைக்காது. 2025 மார்ச் 21 அன்று மின் உபநிலையத் தீயால் ஹீத்ரோ மூடப்பட்டதும் அப்படித்தான். ஆனால் அப்போதும் சாப்பாடும், இரவு தங்க நேர்ந்தால் ஹோட்டலும் கொடுக்கவேண்டியது நிறுவனத்தின் கடமை.

கேட்டவுடன் வரும் முதல் பதில் அநேகமாக "அசாதாரண சூழ்நிலை" என்றுதான் இருக்கும். அதோடு பலர் ஓய்ந்துவிடுகிறார்கள். மிலானிலிருந்து இலண்டன் வரவிருந்த ஒரு விமானம், விமானி சுகவீனமுற்றதால் ரத்தானது. 250 யூரோவுக்காக ஒரு தம்பதி உச்ச நீதிமன்றம் வரை போய் 2024 ஜூலையில் வென்றார்கள். ஊழியருக்குச் சுகமில்லாமல் போவது அசாதாரணம் அல்ல என்பது தீர்ப்பு. சாதாரண இயந்திரக் கோளாறும் சாட்டாகாது என்று 2014இலேயே நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கொழும்புக்கும் சென்னைக்கும் போய்வருபவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். இலண்டனிலிருந்து புறப்பட்டால் எந்த நாட்டு விமானமானாலும் இந்தச் சட்டம் பொருந்தும். திரும்பி வரும்போது பிரித்தானிய அல்லது ஐரோப்பிய நிறுவனமாக இருந்தால் மட்டுமே. முழுப் பயணமும் ஒரே பதிவில் இருந்தால், முதல் விமானம் பிந்தி டுபாயில் அடுத்ததைத் தவறவிட்டாலும் கொழும்பைச் சேர்ந்த நேரமே கணக்கு. 40 பவுண்ஸ் மிச்சம் பிடிக்க இரண்டு தனித்தனி ரிக்கற் எடுத்தவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. மலிவு என்று எதைச் சொல்கிறோம்?

2025 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியத்தின் போக்குவரத்து அமைச்சர்கள் 3 மணித்தியால வரம்பை 4 ஆகவும், நெடுந்தூரத்துக்கு 6 ஆகவும் உயர்த்தலாம் என்று இணங்கினார்கள். விமான நிறுவனங்களின் நெடுநாள் ஆசை அது. ஐரோப்பியப் பாராளுமன்றத்தில் எதிர்ப்பு எழுந்தது, நல்ல காரியம். ஒரு நாளில் போய்த் திரும்ப நினைக்கும் சிறு வியாபாரிக்கு மூன்றரை மணித்தியாலம் பிந்தினால் அன்றைய சந்திப்பே போய்விடும்.

கடை முதலாளிமாருக்கு இன்னொன்று. வேலைக்காக ஒருவரை அனுப்பி ரிக்கற் காசை நீங்கள் கட்டியிருந்தாலும் நட்டஈடு பயணம் செய்தவருக்கே உரியது. அதை வாங்கி கல்லாவில் போடவேண்டாம்.

இங்கிலாந்தில் 6 வருடம் வரை பின்னோக்கிக் கேட்கலாம். தரகு நிறுவனங்களுக்குப் பங்கு கொடுக்கத் தேவையில்லை, விமான நிறுவனத்தின் இணையத்தளத்திலேயே படிவம் இருக்கும். பழைய ஈமெயில்களில் பதிவு இலக்கத்தைத் தேடிப் பாருங்கோ.