மேல்துரு வெறும் அழகுக் குறைதானா?

மோட்டார் வாகனத்தின் சக்கரத்தைக் கழற்றிய மாத்திரத்தில், நடுவே தென்படும் ஹப்பின்மீது செம்பழுப்பு நிறமாகத் துரு படர்ந்திருப்பதைக் கண்டு உரிமையாளர் மனங்கலங்கி நின்றால், அவருக்குத் தவறாமல் கிடைக்கும் சமாதானம் ஒன்று உண்டு: "மேல் துருதான் சார், ஒண்ணும் பண்ணாது, பார்க்க அசிங்கமா இருந்தா ரெண்டு கோட் பெயிண்ட் அடிச்சுடலாம்." பட்டறைகளிலும், டயர்க் கடைகளிலும், வண்டி வைத்திருப்போர் கூடிப் பேசும் இடங்களிலும் ஏறக்குறைய வேதவாக்காகவே நிலைபெற்றுவிட்ட இந்த அபிப்பிராயம் முழுப் பொய்யாக இருந்திருந்தால் எப்போதோ மறைந்திருக்கும், பாதி உண்மையாக இருப்பதனால்தான் இத்தனை காலம் ஆட்சேபணையின்றி வாழ்ந்து வருகிறது.

ஆகவே அதிலுள்ள நியாயத்தை முதலில் ஒப்புக்கொண்டுவிடுவோம். ஹப்பின் சுவர் பல மில்லிமீட்டர் கனமுடையது. அதன் உள்ளே பேரிங் ஓடும் பாதைகள் கிரீஸுக்குள் மூழ்கி, சீல்களால் மூடப்பட்டுப் பத்திரமாக இருக்கின்றன. சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் தூத்துக்குடியிலும் உப்புக் காற்றைச் சுவாசித்து நிற்கும் வண்டிகளில், புதிதாக வாங்கிய ஆண்டின் ஐப்பசி மழையிலேயே ஹப்பின் வெளிவிளிம்பு பழுத்துவிடுவது சகஜம். மழையில் நனைந்து இரவெல்லாம் நின்ற வண்டியின் பிரேக் டிஸ்க் காலையில் காவி பூசியதுபோல் இருப்பதும், முதல் சில பிரேக்குகளிலேயே தேய்ந்து பளபளப்பாகிவிடுவதும் அனைவரும் அறிந்ததே. இவற்றைக் காட்டி, "ஹப்பையே மாற்ற வேண்டும்" என்று பயமுறுத்திப் பணம் பறிப்பவர்களுக்கு விரிவான பதில் தேவையில்லை.

ஆனால் ஹப்பின் மேற்பரப்பு முழுவதும் ஒரே தன்மையுடையதன்று. காற்றுக்கும் கண்ணுக்கும் திறந்து கிடக்கும் பாகங்கள் ஒரு வகை. டிஸ்க்கின் அல்லது டிரம்மின் உட்புறமும் ஹப்பும் முகத்தோடு முகமாக அழுந்தி நிற்கும், இயந்திரத்தில் கடைந்து சமன்செய்யப்பட்ட பரப்பு வேறொரு வகை. முன்னதில் துரு இருப்பது அழகைப் பற்றிய விஷயம். பின்னதில் இருப்பது பத்திரத்தைப் பற்றிய விஷயம். இந்தப் பேதத்தைக் காணாமல் இரண்டுக்கும் 'மேல்துரு' என்று ஒரே பெயரைச் சூட்டி, ஒரே தீர்ப்பை வழங்குவதுதான் மேற்படி அபிப்பிராயத்தின் மூலதோஷம்.

"இரும்பு இவ்வளவு கனம், துரு இவ்வளவு மெல்லிசு; மெல்லியது கனமானதை என்ன செய்துவிடும்?" என்பது இந்த அபிப்பிராயக்காரர்களுடைய தலையாய வாதம். ஹப் உடைந்துபோகும் என்று நாம் சொல்லியிருந்தால் இது தக்க பதில்தான்; நம்முடைய கவலையோ உடைவதைப் பற்றியதன்று. சக்கரத்தைத் தாங்குபவை, நட்டுகள் ஏறும் திருகுகளான ஸ்டட்டுகள் என்று பலரும் நினைத்திருக்க, உண்மையில் அந்த ஸ்டட்டுகள் இறுக்கப்படும்போது ரப்பரைப்போல் நுட்பமாக நீண்டு, மீண்டும் சுருங்க முயலும் விசையினால் சக்கரத்தையும் டிஸ்க்கையும் ஹப்போடு சேர்த்து அழுத்துகின்றன. அந்த அழுத்தத்தால் முகங்களுக்கிடையே உண்டாகும் உராய்வே வண்டியின் பாரத்தையும் பிரேக்கின் விசையையும் தாங்குகிறது. அவ்வாறு ஸ்டட் நீளும் அளவு, சாதாரணக் காரில், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டுவது அரிது. இரும்பைவிடப் பருமன் மிகுந்ததும், பொருக்காகவும் தூளாகவும் நொறுங்கும் இயல்புடையதுமான துரு அந்த முகங்களுக்கிடையே அகப்பட்டு, ஓட்டத்தின் அதிர்ச்சியில் பொடிந்து, மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்குகளே அமுங்கினாலும், ஸ்டட்டின் நீட்சியில் பெரும்பகுதி காணாமற்போய், நட்டு தளர்வதற்கு வழி பிறந்துவிடுகிறது. மெல்லியது கனமானதை ஒன்றும் செய்யவில்லை. கனமானவற்றைச் சேர்த்துப் பிடித்திருந்த விசையைத்தான் களவாடிவிட்டது.

இதே மெல்லிய துரு செய்யும் இன்னொரு கேட்டின் பலனை நாள்தோறும் காலடியில் உணர்ந்துகொண்டே, அதன் காரணத்தை வேறெங்கோ தேடுகிறோம். ஹப் முகத்தின் ஒரு விளிம்பில் 0.05 மி.மீ. கனத்துக்கு, அதாவது ஒரு தலைமயிரின் கனத்துக்குத் துருப் பொருக்கு ஒட்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன்மீது அமரும் டிஸ்க் அந்த அளவுக்குச் சாய்கிறது. ஹப்பைவிட டிஸ்க் அகலமானதாகையால் அதன் வெளிவட்டத்தில் அந்தச் சாய்வு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. பிரேக்கை மிதிக்காத சமயத்திலும், சுற்றுக்கு ஒருமுறை டிஸ்க் ஒரே இடத்தில் பிரேக் பேடை உரசிச் செல்ல, சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடம் மட்டும் தேய்ந்து மெலிய, பிறகு பிரேக்கை மிதிக்குந்தோறும் பெடல் துடிக்கிறது, ஸ்டியரிங் நடுங்குகிறது. உடனே, "டிஸ்க் பெண்ட் ஆயிடுச்சு" என்று தீர்ப்பாகி, புது டிஸ்க் வந்து, அதே துருப்பிடித்த முகத்தின்மீதே பூட்டப்பட்டு, மறுபடியும் சில ஆயிரம் கிலோமீட்டரில் அதே நடுக்கம் திரும்புகிறது. இப்படி வீணாகும் டிஸ்க்குகளின் விலையைக் கணக்கிட்டால், 'ஒண்ணும் பண்ணாது' என்ற வாக்கியம் எவ்வளவு செலவு பிடிப்பது என்பது விளங்கும்.

சற்றுப் படித்தவர்கள் இன்னொரு யுக்தியை எடுத்து வீசுவதுண்டு: துருவே இரும்புக்குக் கவசம், டெல்லி இரும்புத் தூணைப் பாருங்கள் என்று. மெஹ்ரௌலியில் நிற்கும் அந்தத் தூண் சுமார் 1600 ஆண்டுகளாகத் துருவுக்கு இரையாகாமல் நிற்பது வாஸ்தவமே. ஆனால் கான்பூர் ஐ.ஐ.டி.யில் உலோகவியல் பேராசிரியராக இருந்த ஆர். பாலசுப்பிரமணியம் விளக்கியபடி, அதற்குக் காரணம் அவ்விரும்பில் பாஸ்பரஸ் மிகுந்திருப்பதும், அதனால் மேற்பரப்பில் நெருக்கமானதொரு படலம் உருவானதுமாகும். இக்காலத்து எஃகிலோ பாஸ்பரஸ் ஒரு குற்றமாகவே கருதப்பட்டுப் பெரும்பாலும் நீக்கப்படுகிறது. அதன்மீது உண்டாகும் துரு துவாரங்கள் நிறைந்தது. ஈரத்தையும் உப்பையும் உறிஞ்சி வைத்துக்கொண்டு அடியிலுள்ள இரும்பை மேலும் மேலும் தின்ன உதவுவது. குப்தர் காலத்துத் தூணின் புண்ணியம் நம் காரின் ஹப்புக்கு வந்து சேராது.

வர்ணப் பரிகாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியது சற்று அதிகம், ஏனெனில் அதைச் செய்பவர்கள் நல்லெண்ணத்தோடு செய்கிறார்கள். 1914ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தைக் கடற்காற்றுக்கு நடுவே ஒரு நூற்றாண்டுக்கு மேல் நிற்கச் செய்ததில் இடைவிடாத வர்ணப் பூச்சுக்கும் பராமரிப்புக்கும் பெரும் பங்கு உண்டு. எனவே இரும்புக்கு வர்ணம் நல்லதென்பதை நான் மறுக்கவில்லை. ஹப்பின் வெளிப்பாகத்தில், துருவைச் சுரண்டி நீக்கியபின், வெப்பம் தாங்கும் வர்ணத்தை மெல்லியதாகப் பூசுவதும் தவறில்லை. விபரீதம் எங்கே நிகழ்கிறதென்றால், பூசுகிறவர் கை அங்கே நிற்காமல் அழுந்தும் முகத்தையும் சேர்த்து நனைத்துவிடுகிறபோதுதான். துருவைப்போலவே வர்ணமும் அழுத்தத்திலும் பிரேக்கின் சூட்டிலும் இளகி மெலிகிறது. நட்டு அன்று இறுகியது போலத் தோன்றி, மறுவாரம் தளர்கிறது. துருவின்மீதே பூசிய வர்ணமோ இரண்டு கேடுகளையும் அடுக்கி வைத்ததாகும்.

எண்ணெய் தடவும் சம்பிரதாயம் இதைவிட ஆபத்தானது. பழைய இன்ஜின் ஆயிலையோ டீசலையோ துணியில் நனைத்து ஹப் முழுவதும் தடவினால் துரு மங்கி அழகாகத் தெரியும் என்பது உண்மை. சக்கரம் சுழலும் வேகத்தில் அந்த எண்ணெய் வெளிநோக்கி வீசப்பட்டு டிஸ்க்கின்மீதும் பேடின்மீதும் படிந்தால், பிரேக் பிடிக்காமற்போவதும் அதே அளவுக்கு உண்மை. பிரேக் பாகங்களிலுள்ள ரப்பர் சீல்களுக்கும் கனிம எண்ணெய் பகை.

"எதுவானாலும் நட்டை நன்றாக முறுக்கிவிட்டால் போயிற்று" என்போரும் உளர். சிறு கார்களின் வீல் நட்டுக்கு வேண்டிய முறுக்கம் பொதுவாக 100 நியூட்டன் மீட்டரை ஒட்டியது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஓரடி நீள ஸ்பேனரின் நுனியில் ஏறி நின்றால் அதைப்போல் இரண்டு மடங்கு விழும். ஸ்டட் தன் எல்லையைக் கடந்து நிரந்தரமாக நீண்டுவிட்டால், பிறகு அதற்குச் சுருங்கிப் பிடிக்கும் சக்தி ஏது? மரையில் எண்ணெயோ கிரீஸோ பூசி முறுக்குவது இந்த அபாயத்தை இன்னும் வளர்க்கும். உலர்ந்த மரைக்கென்று விதித்த முறுக்கம், வழுக்கும் மரையில் ஸ்டட்டை மிதமிஞ்சி இழுத்துவிடும்.

செய்ய வேண்டியதோ வெகு எளிது. கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் ஹப் முகத்தையும், அதன்மேல் அமரும் டிஸ்க்கின் உட்புறத்தையும், சக்கரத்தின் உட்புறத்தையும் வெறும் உலோகம் தெரியும்வரை தேய்த்து, தூளைத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். பிரேக் தூசி மூச்சுக்கு ஆகாது. காற்றடித்துப் பறக்கவிடக் கூடாது. ஏ.பி.எஸ். உள்ள வண்டியானால் இரும்புத்தூள் அதன் சென்சாரில் ஒட்டாமல் பார்த்துக்கொள்வது அவசியம். கிரைண்டரை வைத்து முகத்தையே குடைந்துவிடும் உற்சாகம் வேண்டாம். ஹப்பின் நடுவே சக்கரத்தை மையப்படுத்தும் வளையத்தின்மீது மட்டும், வெப்பம் தாங்கும் கிரீஸை விரல் நுனியளவு எடுத்து மெல்லத் தடவலாம். அலாய் சக்கரம் பூட்டிய வண்டிக்கு இது மிகவும் வேண்டியது, ஏனெனில் எஃகும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் சேர்ந்திருந்தால் அலுமினியம் அரிக்கப்பட்டு, வெண்பொடி பூத்து, சக்கரம் ஹப்போடு ஒட்டிக்கொண்டு, பஞ்சரான நாளில் நடுவழியில் உதைத்தாலும் வராது. அழுந்தும் முகத்திலும் மரையிலும் ஒன்றும் படக்கூடாது. தேய்த்த பின்பும் முகத்தில் ஆழமான குழிகள் தெரிந்தால் மட்டுமே ஹப்பை மாற்றுவது பற்றிய பேச்சு நியாயமானது.

அடுத்த முறை டயர்களை இடம் மாற்றுவதற்காகச் சக்கரங்கள் கழலும்போது, வாசகர்கள் சற்று அருகில் நின்று, வர்ணத்துக்குக் கொடுக்கும் காசை மிச்சப்படுத்தி, உள்முகத்தைத் தேய்த்துத் தரும்படி கேட்டு வாங்க வேண்டுகிறேன். நட்டுகளை, முறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் கொண்டு குறுக்கு முறையில் இறுக்கச் செய்து, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் அவற்றை மறுபடி ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள்.