பேனா செய்த பிழை



சென்ற ஆண்டு சித்திரை இதழில், இதே பகுதியில், கொசு புகாத கூலரைப் பற்றி நாம் எழுதியது உங்களுள் பலருக்கு நினைவிருக்கும். “அந்த வலைச்சட்டம் எங்கே விலைக்குக் கிடைக்கும்?” என்று கேட்டுக் கடிதங்கள் வந்தன. அவற்றுக்கு இதுநாள்வரை நாம் விடை எழுதவில்லை. விடை தெரியாமையால் அன்று. சொல்ல நாணியே வாளாவிருந்தோம். இம்மாதம் அதைச் சொல்லிவிடுவதே முறையென்று துணிந்தோம்.

நாகபுரியில் வாழும் நமக்குக் கூலரின் அருமையை யாரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கோடை பிறந்ததும் சன்னலில் ஏறும் அப்பெட்டி மழை வந்து நிலைத்தபின்பே இறங்கும். அதன் அடித்தொட்டியில் தேங்கும் தெளிந்த நீரை ஏடிஸ் என்னும் கொசு தேடி வருகிறது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, தொட்டியின் ஈரச் சுவரில் முட்டையிடுகிறது. நீர் வற்றினாலும் அம்முட்டைகள் பல மாதம் அழியாமல் கிடக்கும்; மீண்டும் நீர் ஏறியதும் பொரிக்கும். டெங்குக் காய்ச்சலைப் பரப்புவது இக்கொசுவே.

நம் ரயில்வே குடியிருப்பில் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த பிட்டர் ஒருவர் இருக்கிறார். தம் பெயர் அச்சில் வருவதை அவர் இப்போது விரும்பவில்லை. ஆகவே, குடியிருப்பில் எல்லாரும் அழைப்பதுபோல் அண்ணாச்சி என்றே குறிப்போம். அவருடைய மகள் டெங்குவால் பத்து நாள் மருத்துவமனையில் கிடந்து பிழைத்து வந்தாள். அன்று முதல் அண்ணாச்சிக்குக் கூலர்த் தொட்டியின்மேலேயே கண். பணி முடிந்து வந்ததும் கத்தரியும் கம்பியுமாக உட்கார்ந்துவிடுவார். ஒரு கோடை முழுவதும் முயன்று, நீரின்மேல் மிதக்கும் வலைச்சட்டம் ஒன்றைச் செய்து முடித்தார். நீர் ஏறினால் அதுவும் ஏறும், இறங்கினால் இறங்கும். ஓரத்தில் இட்ட முட்டை பொரித்துக் கொசுவானாலும், வலைக்குக் கீழேயே அகப்பட்டு மடியும்.

அதைக் கண்டு வியந்த நாம், அளவும் படமுமாக ஒன்றும் விடாமல் எழுதினோம். அண்ணாச்சியே பக்கத்தில் அமர்ந்து படம் வரைய உதவினார். இதழ் வந்ததும் பத்துப் பிரதி வாங்கி உறவினர்க்கெல்லாம் அனுப்பினார்.

ஏழு மாதம் கழிந்தது. ஊரிலிருந்து வந்த உறவினர் ஒருவர், “இதற்குக் காப்புரிமை வாங்கினால் என்ன?” என்று கேட்டார். அண்ணாச்சி எம்மையும் உடன் அழைத்துக்கொண்டு இவ்வூர் வழக்கறிஞர் ஒருவரிடம் சென்றார். கண்டுபிடிப்பு தம்முடையதே என்பதற்குச் சான்றாக, மிகுந்த பெருமையோடு நம் இதழை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“இது எப்போது அச்சானது?”

“ஏழு மாசம் ஆச்சுங்க.”

“விண்ணப்பம் எப்போது கொடுத்தீர்கள்?”

“இனிமேத்தான் கொடுக்கணும்.”

வழக்கறிஞர் இதழை மடித்து எம்மிடமே திருப்பித் தந்தார். எந்த ஏட்டைச் சான்றென்று கொண்டுசென்றோமோ, அந்த ஏடே தடையாகிவிட்டது.

காப்புரிமை என்பது அரசுக்கும் கண்டுபிடித்தவருக்கும் இடையே நடக்கும் ஒரு கொடுக்கல் வாங்கல். அவர் தம் கருவியின் நுட்பத்தை மறைக்காமல் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு ஈடாக, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்குப் பிறர் அதைச் செய்து விற்காமல் தடுக்கும் உரிமையை அரசு தருகிறது. அக்காலம் கழிந்தால் அது எல்லார்க்கும் பொது. நம் நாட்டில் 1970ஆம் ஆண்டுச் சட்டப்படி இது நடைபெறுகிறது. கருவி புதியதாய் இருத்தல் வேண்டும் என்பது முதல் நிபந்தனை. உரியவர் ஒப்புதலோடு முன்னமே அச்சேறிவிட்டால், சட்டத்தின் கண்ணுக்கு அது புதியது அன்று. மத்திய அரசு அறிவித்த பொருட்காட்சியில் வைத்தாலோ, கற்றோர் அவையில் கட்டுரையாகப் படித்தாலோ 12 மாதத்துக்குள் விண்ணப்பிக்கலாம் என்றொரு விலக்கு உண்டு. நம் சங்கத்து மாத இதழ் அவ்விலக்கில் அடங்காது.

இதில் நாள்தான் எவ்வளவு பெரிது என்பதற்கு ஒரு வரலாறு சொல்வோம். 2020, 2021ஆம் ஆண்டுகளின் கொரோனாக் காலத்தில் விரல்நுனியில் மாட்டிப் பார்த்த ஆக்சிமீட்டரை யாரும் மறந்திரார். சிவப்பொளியையும் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பொளியையும் விரலின் ஊடே செலுத்தி, இரத்தம் எதை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று ஒப்பிட்டு, அதில் பிராணவாயு எத்தனை விழுக்காடு என்று காட்டும் கருவி அது. அதன் தத்துவத்தைக் கண்டவர் தகுவோ ஆயோயாகி என்னும் ஜப்பானியப் பொறியாளர். அவர் முதலில் தேடியது வேறு. இதயம் எவ்வளவு இரத்தம் இறைக்கிறது என்பதைச் சாயம் செலுத்தி, காதின் வழியே ஒளி பாய்ச்சி அளக்க முயன்றார். நாடித்துடிப்பு குறுக்கிட்டு அளவைக் கெடுத்தது. அத்தொல்லையை நீக்க ஆராய்ந்தவர், துடிப்பதுதானே தமனியின் இரத்தம், அதை மட்டும் பிரித்து அளக்க இத்துடிப்பே வழியன்றோ என்று கண்டுகொண்டார்.

அவர் பணிபுரிந்த நிஹான் கோடன் நிறுவனம் 1974 மார்ச்சில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. ஒரு மாதம் நிறைவதற்குள், அதே கருத்தைத் தனியே கண்டடைந்த மினோல்ட்டா நிறுவனமும் விண்ணப்பித்தது. ஜப்பானில் முந்தியவர்க்கே உரிமை கிட்டியது. ஆனால் ஒரு நாட்டில் பெற்ற காப்புரிமை அந்நாட்டு எல்லைக்குள்தான் செல்லும். நிஹான் கோடன் பிற நாடுகளில் விண்ணப்பிக்கவில்லை. பிற்பாடு அமெரிக்க நிறுவனங்களே அக்கருவியை உலகெங்கும் பரப்பின. ஆயோயாகி 2020 ஏப்ரலில் மறைந்தார். உலகமே தன் விரலை அவர் கருவிக்குள் நீட்டிக் காத்திருந்த காலம் அது.

செய்தி அனுப்பும் துறையிலும் இவ்வாறே இருவகை வரலாறு உண்டு. தந்தி ஓசையிலேயே வளர்ந்த ரயில்வேக்காரர்களாகிய நமக்கு இதில் தனி ஈடுபாடு. கைப்பேசியில் 160 எழுத்துக்குள் அனுப்பும் குறுஞ்செய்தி, 1992 டிசம்பர் 3 அன்று பிரிட்டனில் முதன்முதலாக ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்தாகச் சென்றது. அதன் தந்தையென்று போற்றப்பட்ட பின்லாந்துக்காரர் மத்தி மாக்கோனன், அது தாம் ஒருவர் மட்டும் கண்டது அன்று, பலர் கூடிச் செய்தது என்றே சொல்லிவந்தார். அதற்கு அவர் காப்புரிமை கொள்ளவில்லை. மற்றொரு பக்கம், கம்பியில்லாமல் மின்னஞ்சல் அனுப்பும் முறைக்கு தாமஸ் கம்பானா என்னும் அமெரிக்கப் பொறியாளர் காப்புரிமைகள் பெற்றிருந்தார். அவற்றை வைத்திருந்த சிறு நிறுவனம் பிளாக்பெரிக் கைப்பேசி செய்த பெருநிறுவனத்தின்மேல் வழக்குத் தொடுத்தது. 2006ஆம் ஆண்டில் 61.25 கோடி டாலர் கொடுத்து அவ்வழக்கு தீர்க்கப்பட்டது. அதைக் காணக் கம்பானா இல்லை, 2004இலேயே மறைந்துவிட்டார்.

தெரிந்து கொடுப்பது ஈகை. தெரியாமல் இழப்பது இழப்பே. மாக்கோனன் விரும்பி விட்டார். அண்ணாச்சிக்கோ அப்படி ஒரு கதவு உண்டென்பதே தெரியாது. கதவைக் காட்டியிருக்க வேண்டிய நாமே அதைச் சாத்திவிட்டோம். காப்புரிமைத் துறையினர்க்குப் பயிற்சி தரும் மத்திய அரசு நிறுவனம் இந்நாகபுரியிலேயே இருக்கிறது என்பதை எண்ணுந்தோறும் நம் நாணம் மிகுகிறது. ஒரு நாள் சென்று கேட்டிருக்கலாகாதா?

மன்னிப்புக் கேட்க அவர் இல்லம் சென்றோம். “விடுங்க தம்பி, எம் மக பட்டது இன்னொரு வீட்டுப் பிள்ளை படக்கூடாதுன்னுதானே செஞ்சது” என்றார் அண்ணாச்சி. மதினி மட்டும் தேநீரை வைத்துவிட்டு, “அவுகளுக்கு அது பெருமை. பிள்ளை காலேஜுக்குப் போற வருசம் தம்பி, எனக்கு அது பீஸ் கட்டுற காசு” என்றார். அதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை.

ஓர் ஆறுதல் மட்டும் உண்டு. அச்சான செய்தி அண்ணாச்சிக்குத் தடையானதுபோல் பிறர்க்கும் தடையே. அவர் வலைச்சட்டத்தை வேறொருவர் தமதென்று பதிந்துகொள்ள வந்தால், நம் இதழே குறுக்கே நிற்கும். வேப்பெண்ணெயால் பயிர்ப் பூஞ்சையை ஒடுக்கும் முறைக்கு, 1994இல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் அமெரிக்க அரசின் வேளாண் துறைக்கும் ஒரு தனி நிறுவனத்துக்கும் உரிமை வழங்கியது. இந்தியாவில் அது முன்னமே கையாளப்பட்டது என்று சான்று காட்டி எதிர்த்தமையால், 2000இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது. மேல்முறையீடும் 2005இல் தள்ளுபடியாயிற்று. முன்பே செய்தோம் என்று காட்டும் சான்றுக்கு அத்தனை வலிமை உண்டு.

ஆகவே, பணிமனையிலோ அடுக்களையிலோ புதிதாக ஒன்று செய்யும் அன்பர்க்கு நாம் சொல்வது இது. செய்ததை நாள் குறித்து ஏட்டில் எழுதி வையுங்கள். விழாவில் காட்டுமுன், கைப்பேசியில் படம் அனுப்புமுன், எம்போன்றோரிடம் சொல்லுமுன், தற்காலிக விவரக்குறிப்போடு விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள். முழு விவரத்தை அடுத்த 12 மாதத்துக்குள் தரலாம். கல்கத்தா, டில்லி, பம்பாய், சென்னை என நான்கு இடங்களில் அலுவலகம் உண்டு. மகாராஷ்டிரத்தில் வாழும் நமக்குப் பம்பாய். இணையவழியாகவும் கொடுக்கலாம். தனி மனிதர்க்குக் கட்டணம் பெருநிறுவனங்களுக்கு உள்ளதைவிடக் குறைவு. முன்பதிவுச் சாளரத்தில் வரிசையில் நின்றவர்க்கு நாம் வேறென்ன விளக்க வேண்டும்? சீட்டில் விழும் நேரமே பேசும்.

வலைச்சட்டம் எங்கும் விற்பனைக்கு இல்லை. படம் சென்ற சித்திரை இதழில் இருக்கிறது, யாரும் செய்துகொள்ளலாம். அதுவரை, வாரம் ஒருமுறை தொட்டியை வடித்து, சுவரை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள்.

அண்ணாச்சி சும்மா இருப்பவர் அல்லர். அச்சட்டத்தோடு இணையும் புதிய உறுப்பு ஒன்றைச் சென்ற வாரம் எமக்குக் காட்டினார். காட்டுமுன் கேட்டோம், விண்ணப்பம் போய்விட்டது என்று சொல்லி, ரசீதையும் எடுத்துக் காட்டினார். பார்த்தோம், மகிழ்ந்தோம். அது என்னவென்று அவர் சொல்லச் சொல்லும் நாள்வரை, இப்பேனா அதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாது.